பல்கலைக்கழக வளாகத்தில் மின் அறையும் ஜெனரேட்டர் கட்டடமும் பார்க்க நன்றாக அமைய: முழுமையான வழிகாட்டி

நூலகத்துக்கு ஆறு மாதம் வரைபடம் போடுவார்கள். டிரான்ஸ்பார்மர் அறையை ஒரே சாயங்காலத்தில் போட்டு முடிப்பார்கள். அப்படி முடித்த அறைக்குப் பிறகு நேர்வது பெரும்பாலும் ஒன்றுதான். சூடு தாங்கவில்லை என்று சுவரை உடைத்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பார்கள். புகைக்குழாய்க்கு சன்ஷேடில் ஓட்டை போடுவார்கள். கேபிள் நுழைய இடமில்லாமல் ஜன்னல் வழியாக இழுப்பார்கள். கடைசியில் அதை மறைக்க முன்னால் நெட்டிலிங்கம் வரிசை நடுவார்கள்.

இந்த வகைக் கட்டடத்தின் முகம் அதன் துளைகள்தான்: காற்று நுழையும் வழி, வெளியேறும் வழி, பெரிய கதவு, குழாய், கேபிள். இவற்றின் அளவும் இடமும் முதலில் தெரிந்தால் முகப்பை அவற்றைக் கொண்டே வரையலாம். முகப்பை முதலில் வரைந்தால், துளைகளை ஒப்பந்ததாரர் சுத்தியலால் வரைவார். கீழே உள்ள வரிசை இதற்காகத்தான். படிகளை மாற்றிப் போடாதீர்கள்.

எடுத்துக்காட்டாகத் தமிழ்நாட்டு வளாகம் ஒன்றில் 11 கே.வி. இணைப்பு, 500 கே.வி.ஏ. எண்ணெய் டிரான்ஸ்பார்மர் ஒன்று, எல்.டி. (குறைந்த அழுத்த) பேனல் அறை, கூண்டோடு (சத்தத்தை அடக்கும் உலோக உறையோடு) வரும் 500 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டர் ஒன்று என்று வைத்துக்கொள்கிறோம்.

1. பென்சிலைத் தொடும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதல் தேவை இயந்திரங்களின் அளவு வரைபடம். 'ஜி.ஏ. டிராயிங்' என்று கேட்டால் உற்பத்தியாளர் தருவார். நீள, அகல, உயரம் மட்டும் போதாது. எடை, கேபிள் பெட்டி எந்தப் பக்கம், ரேடியேட்டர் காற்று எந்தப் பக்கம் வெளியேறும், எந்தப் பக்கம் திறந்து பழுது பார்ப்பார்கள் என்பதும் வேண்டும்.

இயந்திரம் இன்னும் வாங்கப்படவில்லை என்றால் மூன்று நிறுவனங்களின் வரைபடங்களை வாங்கி, ஒவ்வோர் அளவிலும் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். டெண்டரில் எவர் வென்றாலும் அறை பொருந்தும்.

இரண்டாவது, பத்தாண்டு மின்தேவை. புதிய விடுதி, குளிர்சாதனம் போட்ட அரங்கம், மின் வாகனங்களுக்கான சார்ஜர் எல்லாம் வரிசையில் நிற்கும். இன்றைக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் போதும் என்றாலும் இரண்டாவதற்கான மேடையை இப்போதே வரைபடத்தில் வையுங்கள். கட்ட வேண்டாம், இடத்தை விட்டால் போதும்.

மூன்றாவது, அனுமதிகள். உயர் அழுத்த நிறுவலுக்கு மின் ஆய்வாளரின் வரைபட ஒப்புதலும், மின்சாரம் ஏற்றும் முன் பாதுகாப்புச் சான்றும் வேண்டும். மின்வாரியத்துக்கு மீட்டர் அறை வேண்டும். கட்டடக் கலைஞர் தனியாகவும், மின் ஒப்பந்ததாரர் தனியாகவும் வரைபடம் போட்டால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் ஒரு கட்டடமும் தரையில் வேறொரு கட்டடமும் இருக்கும். ஒரே அடிப்படை வரைபடத்தில் இருவரும் வேலை செய்யட்டும்.

2. இடம்: பின்கட்டு என்பதற்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்

வளாகத்தின் மூலையில் ஒளித்து வைப்பதுதான் முதலில் தோன்றும் யோசனை. ஆனால் எல்.டி. கேபிள் நீள நீள மின்னழுத்தம் விழும், செலவும் ஏறும். மின்சாரம் அதிகம் தின்னும் கட்டடங்களின் நடுவில், ஆனால் வகுப்பறை ஜன்னல்களுக்கு முதுகு காட்டும் இடமே சரியானது. அத்தகைய இடம் பெரும்பாலும் நடைபாதை ஓரத்தில் விழும். அதனால்தான் அழகு பற்றிய பேச்சே வருகிறது.

சாலை கட்டாயம். 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர் கூண்டோடு 5 டன்னைத் தாண்டும். ஹைட்ரா கிரேன் அருகில் வந்து நின்று, திரும்பிப் போக வேண்டும். 4 மீட்டர் அகலச் சாலை, மேலே தாழ்ந்த கிளையோ கேபிளோ இல்லாமல் இருக்கட்டும்.

சத்தம் அடுத்தது. கல்வி நிறுவனங்களைச் சுற்றிய 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வழி செய்கின்றன. அங்கே வரம்பு பகலில் 50 டெசிபல், இரவில் 40. ஜெனரேட்டர் கூண்டுக்கான வரம்போ 1 மீட்டர் தூரத்தில் 75 டெசிபல். தூரம் இரட்டிக்கும்போது சுமார் 6 டெசிபல் குறையும் என்ற கணக்கில் 2, 4, 8, 16, 32 மீட்டர் என ஐந்து முறை இரட்டித்தால் 30 டெசிபல் குறைந்து 45 ஆகும். பெரிய கூண்டின் அருகே சத்தம் இவ்வளவு வேகமாகக் குறையாது. எதிர்ச்சுவர் இருந்தால் திரும்பி வேறு அடிக்கும். எனவே வகுப்பறை ஜன்னலிலிருந்து 30 மீட்டருக்குக் குறையாமல் வையுங்கள். விடுதியிலிருந்து இன்னும் தள்ளி.

மரவரிசை சத்தத்தைத் தடுக்கும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். நெட்டிலிங்கம் கண்ணை மறைக்கும், காதை மறைக்காது. சத்தத்தைத் தடுப்பது ஓட்டையில்லாத, கனமான சுவர் மட்டுமே. அதுவும் இயந்திரத்தைவிட உயரமாக இருந்தால்தான்.

3. உள்ளிருந்து வெளியே வரையுங்கள்

இப்போது இயந்திரங்களைத் தாளில் வையுங்கள். சுவர் இன்னும் வேண்டாம். ஒவ்வொன்றையும் சுற்றி ஆள் நடக்கும் இடத்தைப் போடுங்கள்.

எல்.டி. பேனலின் முன்னால் குறைந்தது 1 மீட்டர். கதவு திறந்து பிரேக்கரை வெளியே இழுக்க 1.5 மீட்டர் நல்லது. பின்புறத்துக்கு ஒரு விநோதமான விதி உண்டு: இடைவெளி 20 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், அல்லது 75 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவு கூடாது. 20 செ.மீ. சந்தில் யாரும் நுழைய மாட்டார்கள், 75 செ.மீ.யில் நுழைந்தவர் திரும்பி வரமுடியும். 50 செ.மீ. இருந்தால்தான் ஆள் நுழைந்து மாட்டிக்கொள்வார்.

டிரான்ஸ்பார்மரைச் சுற்றி நான்கு பக்கமும் சுவர் வந்தால் 1.25 மீட்டர் விடுங்கள். எண்ணெய் 2000 லிட்டருக்கு மேல் இருந்தால் எண்ணெய் வடிகுழி கட்டாயம். 500 கே.வி.ஏ.க்கு அவ்வளவு எண்ணெய் வராது. ஆனாலும் அடியில் ஜல்லி நிரப்பிய ஆழமற்ற குழியும் சுற்றிலும் குட்டைச்சுவரும் வைத்தால் கசியும் எண்ணெய் நடைபாதைக்கு வராது.

அடுத்து, வெளியேறும் வழி. இருபது ஆண்டில் ஒவ்வோர் இயந்திரமும் ஒருமுறையாவது வெளியே வரும். கதவு 2.4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று தொடங்கி, வரைபட அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இயந்திரம் நேர்கோட்டில் வெளிவர வேண்டும். உள்ளே திரும்ப வைக்காதீர்கள். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கட்டும். அறை நீளமாக இருந்தால் மறுமுனையிலும் ஆள் போகும் கதவு ஒன்று வேண்டும். பேனலில் தீப்பொறி பறந்தால் அதைத் தாண்டி ஓட முடியாது.

மீட்டர் அறைக்கு வெளியிலிருந்து நேரடிக் கதவு கொடுங்கள். கணக்கெடுக்க வரும் மின்வாரிய ஊழியருக்காகப் பேனல் அறையைத் திறந்துவிடும் பழக்கம் அப்போதுதான் வராது.

கேபிள் டிரெஞ்சை (தரையில் கேபிள் ஓடும் கால்வாயை) இந்தக் கட்டத்திலேயே போடுங்கள். 11 கே.வி. எக்ஸ்.எல்.பி.இ. (பாலித்தீன் காப்புள்ள) கேபிளை அதன் விட்டத்தைப் போல் சுமார் 15 மடங்குக்குக் குறைந்த ஆரத்தில் வளைக்கக் கூடாது. 7 செ.மீ. தடிமன் கேபிளுக்கு அது 1 மீட்டருக்கு மேல். நேர்மூலையாகக் கட்டிய டிரெஞ்சில் அது திரும்பாது. மூலையைச் சாய்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

உயரம் கடைசியில் தானாக வரும். பேனல் 2.3 மீட்டர், அதன்மேல் கேபிள் தட்டு, அதன்மேல் கை நுழைய இடம். தரையிலிருந்து பீமின் அடி வரை 3.6 மீட்டருக்குக் குறையாமல் பாருங்கள்.

4. துளைப் பட்டியல்

முகப்பு வரைவதற்கு முந்தைய தாள் இது. அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான். ஒரு காகிதத்தில் சுவரைக் கடக்கும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: என்ன கடக்கிறது, எந்தச் சுவர், தரையிலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், யார் பொருத்துவார்கள்.

நம் எடுத்துக்காட்டில் வருபவை: டிரான்ஸ்பார்மர் கதவு, பேனல் அறையின் இரு கதவுகள், மீட்டர் கதவு, கீழ்க்காற்று, மேல்காற்று, பேனல் அறையின் குளிர்சாதன வெளிப்பெட்டி, அதன் தண்ணீர்க் குழாய், ஜெனரேட்டர் புகைக்குழாய், டீசல் நிரப்பும் வாய், 11 கே.வி. கேபிள் குழாய்கள், எல்.டி. கேபிள் குழாய்கள், எர்த் பட்டைகள், இன்டர்நெட் ஃபைபர், சிசிடிவி, கூரை மழைநீர்க் குழாய்.

பதினைந்தைத் தாண்டுகிறதா? இவற்றில் மூன்று மட்டுமே முகப்பில் தெரியும்படி வைத்து, மற்றவற்றை ஒரே பக்கச் சுவருக்குத் தள்ளுங்கள். அந்தப் பக்கத்தில் 60 செ.மீ. ஆழமான செங்குத்துப் பள்ளம் ஒன்றை விட்டு, குழாய்கள் எல்லாவற்றையும் அதற்குள் இறக்குங்கள். முன்னால் திறக்கக்கூடிய கம்பிவலைக் கதவு. பிற்காலத்தில் வரும் குழாயும் அதற்குள்ளேயே போகும்.

கேபிள் நுழையும் இடத்தில் இப்போதைய தேவையைப் போல் இருமடங்கு குழாய்களைப் புதைத்து, வெற்றுக் குழாய்களை மூடியிட்டு வையுங்கள். இன்றைக்கு ஒரு குழாய்க்கு ஆகும் பணம் சொற்பம். நாளைக்கு அதே வேலைக்கு மேற்பூச்சை உடைக்க வேண்டும். உடைத்த இடத்தில் பழைய நிறம் திரும்பி வராது.

5. காற்றுக் கணக்கும் ஜாலிச் சுவரும்

முதலில் ஒரு கேள்வி: டிரான்ஸ்பார்மருக்குக் கூரை வேண்டுமா? வெயிலிலும் மழையிலும் நிற்கத்தான் வெளிப்புற டிரான்ஸ்பார்மர் செய்யப்படுகிறது. மேலே மரக்கிளை இல்லையென்றால் கூரையில்லாத சுற்றுச்சுவர் முற்றமே மலிவானது, குளிர்ச்சியானது. வேலியாக நிற்கும் சுவர் குறைந்தது 1.8 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கூரை போட்டால்தான் கீழ்க்கண்ட கணக்கு.

500 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் முழுச்சுமையில் சுமார் 5 கிலோவாட் வெப்பத்தைக் கக்கும் என்று வையுங்கள். சரியான எண் உற்பத்தியாளரின் தாளில் 'மொத்த இழப்பு' என்று இருக்கும். கீழ்த்துளையின் பரப்பு = 0.18 × கிலோவாட் ÷ √(இரு துளைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையிலான உயரம்). உயரம் 2.5 மீட்டர் என்றால் 0.18 × 5 ÷ 1.58 = 0.57 சதுர மீட்டர். மேல்துளை அதைவிட 10 விழுக்காடு கூடுதல்: 0.63.

இந்தச் சூத்திரம் குளிர்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு எழுதப்பட்டது. மே மாதத்து வேலூருக்கோ திருச்சிக்கோ அப்படியே பொருந்தாது. இருமடங்காக்குங்கள்: துளை ஒவ்வொன்றுக்கும் 1.2 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். இது தடையேதும் இல்லாத வெற்றுத் திறப்பு. லூவரோ (சாய்ந்த பட்டைகள் கொண்ட காற்றுவழி) ஜாலியோ (இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்) வைத்தால் சுவரில் அதைவிடப் பெரிய பரப்பு தேவை. அடிக்கடி தவறுவது இங்கேதான்.

செங்கல் ஜாலியை எடுத்துக்கொள்வோம். 23 செ.மீ. நீளமும் 7.5 செ.மீ. உயரமும் உள்ள செங்கற்களை 11.5 செ.மீ. இடைவெளி விட்டு அடுக்கினால், ஒரு வரியில் 34.5 செ.மீ.க்கு 11.5 செ.மீ. திறப்பு, மூன்றில் ஒரு பங்கு. மேல்வரியின் செங்கல் இடைவெளியின் நடுவில் உட்காரும், இருபுறமும் 5.75 செ.மீ. தாங்கல் கிடைக்கும். 1 செ.மீ. சாந்தைக் கழித்தால் திறப்பு 29 விழுக்காடு. உள்ளே 12 மி.மீ. கண் கொண்ட இரும்பு வலை அடித்தால் அது ஐந்தில் ஒரு பங்கைத் தின்னும். மிஞ்சுவது 23 விழுக்காடு.

எனவே 1.2 சதுர மீட்டர் திறப்புக்கு 5.2 சதுர மீட்டர் ஜாலி வேண்டும். 2.4 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம். இது அலங்காரத் துண்டு அல்ல, ஒரு முழுச் சுவர்ப்பகுதி. கதவுக்கு மேலே நான்கு வரி ஜாலி வைத்துவிட்டு 'காற்றோட்டம் உண்டு' என்று எழுதுவது தாளுக்கு மட்டுமே குளிர்ச்சி.

ஜாலியைக் கீழே ஒன்று, எதிர்ச்சுவரில் மேலே ஒன்று என்று வையுங்கள். ஒரே சுவரில் ஒரே உயரத்தில் இரண்டு வைத்தால் காற்று ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் போய்விடும். கூரையடியில் தேங்கிய சூடு அப்படியே நிற்கும்.

வலை கட்டாயம். அணில், பல்லி, பாம்பு மூன்றுமே உயர் அழுத்த முனைக்கும் டிரான்ஸ்பார்மரின் உலோக உடலுக்கும் இடையில் பாலமாகிப் பல கல்லூரிகளின் தேர்வு நாளை இருட்டாக்கியிருக்கின்றன. ஆனால் கொசுவலை போடாதீர்கள். ஓர் ஆண்டில் தூசி படிந்து சுவராகிவிடும்.

பதினொரு செ.மீ. தடிமன் ஜாலி தானாக உயரமாக நிற்காது. 1.2 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் பட்டை, 2.4 மீட்டருக்கு ஒரு தூண் என்று தொடங்கி, கட்டமைப்புப் பொறியாளரிடம் சரிபாருங்கள். அந்தப் பட்டைகளைப் பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல் மட்டத்தோடு ஒட்டவைத்தால் முகப்புக்கு வேறு அலங்காரமே தேவைப்படாது.

6. ஜெனரேட்டர்: கூண்டு, புகைக்குழாய், டீசல்

கூண்டோடு வரும் ஜெனரேட்டரை மறுபடியும் அறைக்குள் அடைக்காதீர்கள். மழையும் சத்தமும் கூண்டின் பொறுப்பு. உங்கள் பொறுப்பு மேடை, சுற்றிலும் 2 மீட்டர் இடம், பார்வையை மறைக்கும் சுவர்.

ரேடியேட்டர் ஊதும் சூடான காற்று எதிர்ச்சுவரில் மோதித் திரும்பினால் அதே சூட்டை இயந்திரம் மறுபடி இழுக்கும். கோடையில் பாதிப் பரீட்சையில் நின்றுவிடும். நொடிக்கு 10 கன மீட்டர் காற்று வெளியேறுகிறது என்றால், 2.5 மீட்டர் வேகத்துக்கு 4 சதுர மீட்டர் வெற்றுத் திறப்பு தேவை. உண்மையான எண் உற்பத்தியாளரின் தாளில் இருக்கும். அந்தப் பக்கம் சுவரே கட்டாமல் விட்டுவிடுங்கள். அல்லது காற்றை மேல்நோக்கித் திருப்பும் டக்ட் (தகட்டுக் காற்றுக்குழாய்) வையுங்கள். நடைபாதைப் பக்கம் திருப்பினால் மாணவர்கள் வேறு வழியில் நடக்கக் கற்றுக்கொள்வார்கள்.

புகைக்குழாயின் உயரத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கு உண்டு: கட்டட உயரம் + 0.2 × √கே.வி.ஏ. 500-இன் வர்க்கமூலம் 22.4, அதில் ஐந்தில் ஒரு பங்கு சுமார் 4.5 மீட்டர். கட்டடம் 4.5 மீட்டர் என்றால் குழாய் நுனி 9 மீட்டரில் நிற்கும். கட்டடத்தைப் போல் இருமடங்கு! இதை ஒளிக்க முடியாது. எனவே வரைந்து காட்டுங்கள். செங்குத்துச் சுவர் ஒன்றைக் குழாயோடு சேர்த்து உயர்த்தி, அதன் நிழலில் குழாயைப் பிடித்துக் கட்டுங்கள். அந்தச் சுவரே கட்டடத்துக்கு அடையாளம் ஆகிவிடும். குழாய் வெப்பத்தில் நீளும். கூரையைக் கடக்கும் இடத்தில் சிமெண்டால் அடைக்காமல் சட்டையும் (குழாயைச் சுற்றிய தளர்வான உறை) தொப்பியும் (மழை புகாத மூடி) வையுங்கள்.

2023 ஜூலைக்குப் பிறகு வரும் சி.பி.சி.பி. 4 பிளஸ் (மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் புகை வரம்பு) வகைப் பெரிய ஜெனரேட்டர்கள் பலவற்றுக்கு டீசலோடு யூரியாக் கரைசலும் வேண்டும். அதன் கேன்களை வெயில் படாமல் வைக்க ஒரு அலமாரி இடம் விடுங்கள். இல்லையென்றால் நீலக் கேன்கள் முகப்பில் வரிசைகட்டும்.

டீசல் தொட்டி பெரும்பாலும் 990 லிட்டரில் வரும்; 1000 லிட்டரை எட்டாத கொள்கலனாக வைப்பதற்காக. அடியில் தொட்டியின் முழுக் கொள்ளளவையும் தாங்கும் தடுப்புச் சுவர் கட்டுங்கள். லாரியின் குழாய் எட்டும் இடத்தில் நிரப்பும் வாய் இருக்கட்டும்.

7. தண்ணீர் எங்கிருந்து வரும்?

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இதை வாதிட வேண்டியதில்லை. அந்த இடத்தில் தண்ணீர் நின்ற அதிகபட்ச மட்டத்தைப் பழைய தோட்டக்காரரிடமும் காவலாளியிடமும் கேளுங்கள். கட்டடத்தின் தரைமட்டம் அதைவிட 60 செ.மீ. மேலே.

ஆனால் தண்ணீர் கதவு வழியாக வருவதற்கு முன் கேபிள் குழாய் வழியாக வந்துவிடும். ஒவ்வொரு குழாயையும் உள்முனையில் ரப்பர் அடைப்பால் மூடச் சொல்லுங்கள்; குழாய் வெளிப்பக்கமாகச் சரியட்டும். டிரெஞ்சின் தாழ்ந்த மூலையில் ஒரு குழி, அதில் சிறு பம்ப்.

வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும். அந்தப் பக்கம் ஜாலி வைத்தால் நனையும். மின் அறையின் ஜாலிகளைத் தெற்கிலோ மேற்கிலோ வையுங்கள். முடியாவிட்டால் 75 செ.மீ. சன்ஷேடும், உள்ளே 45 பாகையில் சாய்ந்த லூவரும் போடுங்கள். அப்போது திறப்புக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

மின் அறையின் கூரைமேல் தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, தோட்டம் மூன்றும் கூடாது. 'இடம் சும்மா கிடக்கிறதே' என்று ஒரு பிளாஸ்டிக் தொட்டி கட்டாயம் வரும். கைப்பிடிச்சுவரை உயர்த்தி, ஏணியை வைக்காமல் விட்டால் அந்த ஆசை கொஞ்சம் தள்ளிப்போகும்.

8. இப்போது முகப்பு

துளைகள் முடிவாகிவிட்டன. கதவுகளின் மேல்மட்டத்தை ஒரே கோட்டில் கொண்டுவாருங்கள். ஜாலியின் மேல்விளிம்பும் அதே கோட்டில் நிற்கட்டும். 2.1 மீட்டர் கதவுக்கும் 3 மீட்டர் கதவுக்கும் இடையிலான 90 செ.மீ.யை லூவரால் நிரப்பினால் கோடு உடையாது. பாதிக் கட்டடத்தை இந்த ஒரு வேலை சரிசெய்துவிடும்.

கதவின் நிறம் சுவரின் நிறத்தை ஒட்டி, ஒரு பங்கு கருமையாக. பளிச்சென்ற நீலமும் சிவப்பும் கதவை விளம்பரம் ஆக்கிவிடும். அபாயப் பலகை மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும். அதை மறைப்பது விதிமீறல். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கண்மட்டத்தில், சட்டமிட்டு வையுங்கள்.

சுவரோவியம் பற்றி ஒரு வார்த்தை. மயில் வரைந்த ஜெனரேட்டர் அறை, மயில் வரைந்த ஜெனரேட்டர் அறைதான். மாணவர்கள் வரைய ஆசைப்பட்டால் துளையில்லாத ஒரு முழுச் சுவரைக் கொடுங்கள். கதவிலும் லூவரிலும் வேண்டாம். லூவரில் பெயிண்ட் திரும்பத் திரும்ப ஏறினால் இடைவெளி குறையும்.

பொறியியல் வளாகம் என்றால் எதிர்த்திசை யோசனையும் நல்லது: பம்ப் அறைக்கோ குளிரூட்டும் இயந்திர அறைக்கோ நடைபாதைப் பக்கம் பெரிய கண்ணாடி வைத்து, குழாய்களுக்கு விதிப்படி நிறமும் பெயர்ப்பலகையும் கொடுங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கம் மட்டும் கண்ணாடி வேண்டாம்.

9. திரை வைப்பதாக இருந்தால்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குளிர்நீர் ஆலையைச் சுற்றி நீள்வட்ட வடிவில், துளைகள் இட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திரை நிற்கிறது. அதில் கவனிக்க வேண்டியது உலோகத்தின் பளபளப்பு அல்ல. திரை இயந்திரத்தை ஒட்டாமல் தனியாக நிற்பதால் உள்ளே வேலை நடந்தாலும் வெளித்தோற்றம் மாறுவதில்லை.

நம் ஊரில் திரை வைத்தால் இரண்டு கணக்கு. ஒன்று காற்று. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் தகட்டில் சுமார் 150 கிலோ அழுத்தம். 2016 வர்தா புயலைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டாம். அலங்காரத் தகடுதானே என்று ஆங்கர் போல்ட்டைச் சிறிதாக்காதீர்கள்.

இரண்டு, துரு. கால்வனைஸ் செய்த தகட்டில் பிறகு துளையிட்டால், துளையின் விளிம்பில் பூச்சு இருக்காது. கடலோரத்தில் முதல் மழைக்காலத்திலேயே பழுப்புக் கண்ணீர் வடியும். முதலில் துளையிட்டு, பிறகு கால்வனைஸ் செய்யச் சொல்லுங்கள். அல்லது அலுமினியம்.

திரைக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் 1 மீட்டர் விடுங்கள். ஒரு பகுதியைக் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள்.

10. பொருள்

கைபடாமல் பத்தாண்டு நிற்கும் பொருளே இங்கே அழகு. இந்தக் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கப் பணம் கேட்டால் நிதிப் பிரிவு கடைசியாகத்தான் தரும்.

பூச்சில்லாத வயர்கட் (இயந்திரத்தில் கம்பியால் அறுத்த) செங்கல், கருங்கல் அடித்தளம், ஜாலிக்கு அதே செங்கல். தரையிலிருந்து 60 செ.மீ. வரை கருங்கல் இருந்தால் மழைச் சேறு தெறித்த கறை தெரியாது. வெள்ளைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் செம்மண் கோடு விழுவது இதனால்தான். செங்கல் முழுவதும் ஒரே சூளையில் ஒரே தவணையில் வாங்குங்கள். இரண்டாவது லாரியின் நிறம் மாறும்.

11. சுற்றுப்புறம்: எர்த் பிட்டை முதலில் குறியுங்கள்

தோட்டக்காரர் வரும்முன் எர்த் பிட்கள் (மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் குழிகள்) வரைபடத்தில் இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மர் ஒன்றுக்கு நியூட்ரலுக்கு இரண்டு, உடலுக்கு இரண்டு. 3 மீட்டர் எர்த் குழாய்கள் ஒன்றுக்கொன்று 6 மீட்டர் தள்ளி, அடித்தளத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி. பேனலும் ஜெனரேட்டரும் சேர்ந்தால் எட்டைத் தாண்டும். கட்டடத்தைவிடப் பெரிய நிலம் இதற்கே போகும்.

அந்த நிலத்தைப் புல்வெளியாக விடுங்கள், டைல்ஸ் ஒட்டாதீர்கள். கோடையில் எர்த் பிட்டுக்கு ஈரம் வேண்டும். சொட்டுநீர்க் குழாயை மூடிகளின் அருகே கொண்டுபோனால் புல்லும் எர்த்தும் ஒரே தண்ணீரில் பிழைக்கும்.

சுவரை ஒட்டி 1 மீட்டர் அகலத்துக்கு ஜல்லி மட்டும். ஜாலியில் கொடி ஏற்றாதீர்கள்: காற்று அடைபடும், பாம்புக்கு ஏணி கிடைக்கும். தூங்குமூஞ்சி மரத்தடியில் டிரான்ஸ்பார்மர் வைத்தால் இலையெல்லாம் ரேடியேட்டர் இடுக்கில். காகிதப்பூ வேலி தூரத்தில் இருந்தால் நல்லது.

12. பம்ப் அறை, கழிவுநீர் நிலையம்

மின் அறைக்குச் சொன்ன முறைதான் இவற்றுக்கும். பம்ப் அறையில் கூரையின் அடியில் ஒரு இரும்பு ஐ-பீம் விடுங்கள். மோட்டாரைச் செயின் பிளாக்கில் தூக்க உதவும். பம்ப் அறையும் பேனல் அறையும் பொதுச்சுவர் கொண்டிருந்தால் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரைக் கடக்கக் கூடாது.

கழிவுநீர் நிலையத்தில் சத்தம் எழுப்பும் புளோயரைச் செங்கல் அறையில் அடையுங்கள். கடலோர வளாகங்களில் பிற்பகல் காற்று கிழக்கிலிருந்து வரும். விடுதிக்குக் கிழக்கே அதைக் கட்டிவிட்டுப் பிறகு செண்பகம் நட்டுப் பயனில்லை.

13. கட்டும் முன் ஒரு மாதிரி, கட்டிய பின் மூன்று சோதனை

1.2 மீட்டர் சதுரத்தில் ஜாலி, பட்டை, வலை மூன்றும் சேர்ந்த மாதிரிச் சுவரைத் தளத்தில் கட்டச் சொல்லுங்கள். கொத்தனாரின் இடைவெளி 11.5 செ.மீ.யிலிருந்து 9-க்குச் சுருங்குகிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். சுருங்கினால் காற்றுக் கணக்கும் சுருங்கும். மாதிரியை வேலை முடியும்வரை இடிக்காதீர்கள்.

மின்சாரம் ஏற்றும் முன், ஜாலிகள்மேல் ஹோஸ் பைப்பால் பதினைந்து நிமிடம் சாய்வாகத் தண்ணீர் அடியுங்கள். உள்ளே பேனல் நிற்கும் கோட்டுக்கு ஈரம் வந்தால் லூவரைத் திருத்த இன்னும் நேரமிருக்கிறது. அடுத்து, விளக்கை அணைத்துவிட்டு உள்ளே நின்று கதவு, குழாய் ஓரங்களில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். விரல் நுழையும் ஒளிக்கீற்று தெரிந்தால் பல்லியும் நுழையும்.

மூன்றாவது, ஜெனரேட்டரை முழுச்சுமையில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன் காற்று உள்ளிழுக்கும் வாயில் வெப்பமானி வையுங்கள். வெளிக்காற்றைவிட 5 பாகைக்கு மேல் ஏறினால் சூடு சுற்றிவருகிறது என்று பொருள். திரையின் கழற்றக்கூடிய பகுதியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். வெப்பம் இறங்கினால் குற்றவாளி திரைதான். துளைகளைப் பெரிதாக்கித் தகட்டை மாற்றச் சொல்லுங்கள், கடைசித் தவணைப் பணம் கைமாறும் முன்.